வயலுக்கு வரும் செயலிகள்: வன்னியில் டிஜிட்டல் விவசாய ஆலோசனை எங்கே உதவுகிறது, எங்கே சிக்குகிறது

விவசாயத்தை டிஜிட்டல் மயமாக்கப்போவதாகக் கொழும்பில் ஓர் அறிவிப்பு வந்தால், அது வன்னிக்கு வந்து சேரும்போது நாலைந்து வடிவம் எடுத்துவிடுகிறது. ஒருவர் பெயரைப் பதியச் சொல்கிறார். இன்னொருவர் கைபேசியில் செயலி இறக்கச் சொல்கிறார். மூன்றாமவர், இலையைப் படம் எடுத்தால் நோயின் பெயர் வந்துவிடும் என்கிறார். மானியத்துக்கான பதிவும் பயிர் ஆலோசனையும் ஒன்றுதானா, 1920 என்ற ஆலோசனை இலக்கத்துக்கு அழைத்தால் யார் பேசுவார்கள், செயற்கை நுண்ணறிவு சொல்வதை நம்பி மருந்தடிக்கலாமா என்று கமக்காரர்கள் குழம்புவதில் வியப்பில்லை. ஆலோசனை சொல்ல வேண்டிய உத்தியோகத்தர்களிலேயே பலருக்கு இந்தக் குழப்பம் உண்டு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவிகள் போதிய அளவு வந்துவிட்டன. கருவிக்கும் வயல் வரம்புக்கும் நடுவில் நிற்க வேண்டிய ஆள்தான் குறைவு. காசு செலவழிப்பதென்றால் முதலில் அந்த ஆளுக்காகச் செலவழிக்க வேண்டும். ஏன் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

முதலில் சில சொற்கள்

விரிவாக்கம் என்பது ஆராய்ச்சி நிலையத்தில் கண்டறிந்ததைக் கமக்காரரிடம் கொண்டு சேர்ப்பது. கமக்காரரின் சிக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்குத் திருப்பிக் கொண்டுபோவதும் அதில் அடக்கம். இந்த இரண்டாம் பாதி பெரும்பாலும் மறந்துபோகிறது.

விவசாயப் போதனாசிரியர் என்பவர் அந்த வேலையைக் களத்தில் செய்பவர். ஊரில் அவரை, ஆங்கிலப் பதவிப் பெயரின் முதலெழுத்துகளால், ஏ.ஐ. என்றுதான் அழைப்பார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் செயற்கை நுண்ணறிவை முழுப்பெயரிலேயே எழுதுகிறேன்.

கமநல சேவை நிலையம், கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருவது. பசளை, காணிப் பதிவு, கமக்கார அமைப்பு எல்லாம் அங்கே. போதனாசிரியரும் பல இடங்களில் அதே கட்டடத்தில்தான் உட்கார்ந்திருப்பார். ஆனால் அவருடைய மேலதிகாரி வேறு, சம்பளம் வரும் வழி வேறு.

டிஜிட்டல் கற்றல் கருவி என்று நான் இங்கே சொல்வது, கமக்காரரோ ஆலோசகரோ பயிர் பற்றி ஒன்றை அறிந்துகொள்ள உதவும் கைபேசிச் சேவை, காணொளி, செயலி போன்றவற்றை மட்டுமே. காணி அளவையும் பெயரையும் பதியும் தளம் நிர்வாகக் கருவி. அதில் பதிந்தால் பசளைக் காசு வரலாம். பயிரைப் பற்றி ஒன்றும் தெரியவராது. கூட்டங்களில் இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவதால்தான் பாதிக் குழப்பம்.

ஆலோசகர் எங்கே போனார்?

செயலிகளைப் பற்றிப் பேசும் எவரும் இந்தப் பழைய கதையைத் தொடுவதில்லை. இதைத் தொடாமல் மற்றது விளங்காது.

ஒரு காலத்தில் இலங்கையில் கிராம மட்டத்திலேயே விவசாய விரிவாக்க உத்தியோகத்தர்கள் இருந்தார்கள். 1970களின் கடைசியில் உலக வங்கியின் ஆதரவோடு வந்த 'பயிற்சியும் வருகையும்' என்ற முறை அவர்களை நம்பித்தான் நடந்தது: உத்தியோகத்தருக்குக் குறித்த நாளில் பயிற்சி, பிறகு அவர் குறித்த நாளில் குறித்த கமக்காரரிடம் போக வேண்டும். 1989இல் அவர்களில் 2,400 பேர் அளவில் கிராம அலுவலர் சேவைக்கு மாற்றப்பட்டார்கள். நாடு முழுவதும் கீழ்ப்படி ஒரேயடியாகக் கழன்று விழுந்தது. அதற்குச் சற்று முன், 1987இல் வந்த 13ஆம் திருத்தத்தின்படி விரிவாக்கம் மாகாணத்தின் பொறுப்பானது. ஆராய்ச்சி பேராதனையைத் தலைமையகமாகக் கொண்ட மத்திய விவசாயத் திணைக்களத்திடமே நின்றது. பத்தலேகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தில் புதிய நெல்லினம் வெளியானால், அந்தச் செய்தி மத்திய திணைக்களத்திலிருந்து மாகாணத் திணைக்களத்துக்கு வந்து, அங்கிருந்து போதனாசிரியருக்கு இறங்கி, பிறகுதான் கமக்காரருக்கு.

மற்ற மாகாணங்களுக்கு இது நிர்வாகச் சிக்கல். வன்னிக்கு இதன் மேல் போரும் வந்தது. 2009 மே மாதம் போர் முடிந்தபோது வயல்கள் பற்றைக் காடாகிக் கிடந்தன, வாய்க்கால்கள் தூர்ந்திருந்தன. மீள்குடியேறியவர்களில் ஒரு பகுதியினர் தகப்பனுடன் வயலில் இறங்கிக் கற்க வேண்டிய வயதை இடப்பெயர்விலும் முகாமிலும் கழித்தவர்கள். பக்கத்து வயற்காரரைப் பார்த்துக் கற்பது என்ற மிகப் பழைய பள்ளிக்கூடமும் அறுந்துபோயிருந்தது. வவுனியா விவசாயக் கல்லூரியில் படித்து வெளியேறுபவர்களும், அறிவியல் நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் படித்தவர்களும் இப்போது களத்துக்கு வருகிறார்கள். ஆனால் ஒரு போதனாசிரியரின் பிரிவில் எத்தனை கிராமம், எத்தனை குளம் என்று பார்த்தால், ஒரு போகத்தில் ஒவ்வொரு வயலுக்கும் ஒருமுறை போவதே நடக்காத காரியம்.

அந்த இடைவெளியை நிரப்பியவர் பூச்சிமருந்துக் கடைக்காரர். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கமக்காரர் நெற்பயிரின் தாள் ஒன்றைப் பிடுங்கி ஷொப்பிங் பையில் போட்டுக்கொண்டு போகிறார். "அண்ணை, இதுக்கு என்ன அடிக்கலாம்?" என்று கேட்கிறார். கடைக்காரர் பார்க்கிறார், அலுமாரியிலிருந்து போத்தலை எடுக்கிறார், தாங்கிக்கு எத்தனை மூடி என்று சொல்கிறார், கணக்குக் கொப்பியில் எழுதுகிறார். காசு அறுவடைக்குப் பிறகு. விடை உடனே கிடைக்கிறது, தமிழில் கிடைக்கிறது, கடனாகவும் கிடைக்கிறது. ஒன்றும் அடிக்கத் தேவையில்லை, தண்ணீரை மட்டும் வடித்துவிடு என்ற விடைதான் அங்கே கிடைப்பது அரிது. அதை விற்க முடியாது. எந்தச் செயலி வந்தாலும் போட்டி போட வேண்டியது இந்தக் கடையுடன்.

கையில் இருக்கும் கருவிகள்

1. தொலைபேசி. விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு எந்தக் கைபேசியிலிருந்தும் அழைத்துப் பயிர் ஆலோசனை கேட்கலாம். பழைய பட்டன் போனே போதும். மறுமுனையில் இருப்பவர் படித்த உத்தியோகத்தர். ஆனால் அவர் பேராதனைப் பக்கம் கன்னொறுவையில் இருக்கிறார், பயிரைப் பார்க்கவில்லை.

2. குரல் செய்தி. டயலொக் நிறுவனம் 2015இல் விவசாயத் திணைக்களத்துடன் சேர்ந்து தொடங்கிய கொவி மித்துரு சேவை தமிழில் 'உழவர் தோழன்' என்ற பெயரில் வந்தது. பயிரையும் விதைத்த காலத்தையும் பதிந்தால், பயிரின் வயதுக்கேற்ற ஆலோசனை குரலில் வரும். எழுதப் படிக்கச் சிரமப்படுபவருக்கும் பயன்படும் என்பது இதன் பலம்.

3. காணொளி. இதில் இரண்டு மாதிரிகள். அக்சஸ் அக்ரிகல்ச்சர் என்ற அமைப்பு, கமக்காரரே பேசிச் செய்துகாட்டும் காணொளிகளைப் பல மொழிகளில் இலவசமாகத் தருகிறது. தமிழும் அதில் உண்டு. இந்தியாவில் 2006இல் தொடங்கிய டிஜிட்டல் கிரீன் இன்னொரு மாதிரி. உள்ளூர்க் கமக்காரரைக் கொண்டே எடுத்த காணொளியை மாலையில் ஊரில் கூடி இருந்து பார்க்கிறார்கள். நடுவில் ஒருவர் நிறுத்திக் கேள்வி கேட்கிறார், யார் செய்து பார்த்தார்கள் என்று பிறகு போய் விசாரிக்கிறார்.

4. படத்தைப் பார்த்து நோய் சொல்லும் செயலி. ஜெர்மனியில் உருவான பிளான்டிக்ஸ் இதில் பிரபலம், தமிழிலும் பயன்படுத்தலாம். இலையைப் படம் எடுத்தால் இன்ன நோயாக இருக்கலாம் என்று ஊகித்துச் சொல்லும்.

5. உரையாடும் செயற்கை நுண்ணறிவு. கேள்வியைப் பேசியோ எழுதியோ கேட்டால் விடை சொல்வது. டிஜிட்டல் கிரீன் அமைப்பின் ஃபார்மர் சாட் ஓர் உதாரணம். பொதுவான உரையாடல் செயலிகளிடமும் இளைஞர்கள் இப்போது பயிர்க் கேள்வி கேட்கிறார்கள்.

6. ஆலோசகருக்கான கருவி. இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. பிளான்ட்வைஸ் திட்டத்தின் கீழ் இலங்கையில் நடந்த பயிர்ச் சிகிச்சை நிலையங்கள் ஒரு மாதிரி: கமக்காரர் நோயுற்ற செடியைக் கொண்டுவருகிறார், பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் பார்த்து எழுதிக் கொடுக்கிறார். அந்தக் குறிப்புகளைத் தாளில் எழுதாமல் டெப்லெட்டில் பதிந்தால், எந்தப் பக்கத்தில் எந்தப் பீடை தலைகாட்டுகிறது என்பது மேலே உடனே தெரியும். கிராமிய ஆலோசகர்கள் தாங்களே படித்துக்கொள்ள, 2010இல் உருவான உலகக் கிராமிய ஆலோசனைச் சேவைகள் மன்றம் ஒரு பாடத் தொகுதியைத் தந்திருக்கிறது. கூட்டத்தை நடத்துவது, வளர்ந்தவர்களுக்குக் கற்பிப்பது போன்றவை அதில் பாடங்கள். நல்ல தொகுதி. ஆனால் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது.

பட்டியலில் இல்லாத ஏழாவது ஒன்று இருக்கிறது. வன்னியில் உண்மையில் ஓடுவது அதுதான். வட்ஸ்அப் குழு. கமக்கார அமைப்பின் செயலாளர் தொடங்கியது, போதனாசிரியர் சேர்ந்திருப்பது. வாய்க்காலில் தண்ணீர் எப்போது திறப்பார்கள், விதைநெல் எங்கே கிடைக்கும், யார் வயலில் யானை இறங்கியது என்ற செய்திகளுக்கு நடுவே ஒரு மங்கலான இலைப் படம், அதன் கீழே இருபது விநாடிக் குரல் பதிவு. யாரும் பயிற்சிப் பட்டறை வைத்துக் கற்றுக்கொடுக்காமலே எல்லாரும் கற்றுக்கொண்ட கருவி இது. இதன் குறை, நினைவாற்றல் இல்லாமை. இந்தப் போகத்தில் போதனாசிரியர் விளக்கமாகச் சொன்ன விடை நாலு நாளில் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்துவிடும். அடுத்த போகத்தில் அதே கேள்வி, அதே விளக்கம். பக்கத்து ஊர்க் குழுவுக்கு அது போகவே போகாது.

மஞ்சள் திட்டும் ஒரு படமும்

செயற்கை நுண்ணறிவு எங்கே சறுக்கும் என்பதைப் பொதுவாகப் பேசுவதைவிட ஒரே ஒரு சிக்கலை எடுத்துப் பார்ப்பது நல்லது. கபிலநிறத் தத்தியை எடுப்போம். ஊரில் அறக்கொட்டி என்பார்கள்.

காலபோக நெல் குடலைப் பருவத்தில், அதாவது கதிர் வெளிவருவதற்குச் சற்று முன், நிற்கிறது. வயலின் நடுவே வட்டமாக ஒரு மஞ்சள் திட்டு. கமக்காரர் வரம்பில் நின்று படம் எடுக்கிறார். படத்தில் தெரிவது மஞ்சள் இலை, அவ்வளவுதான். நெல் இலை மஞ்சளாவதற்குத் தழைச்சத்துக் குறை காரணமாகலாம், கந்தகக் குறை காரணமாகலாம், வடிகால் இல்லாமல் வேர் மூச்சுத் திணறுவதாகலாம், கடலோரப் பக்கமென்றால் உப்பாகலாம், பக்டீரியா இலை வெளிறல் ஆகலாம். செயலி இவற்றில் ஒன்றைச் சொல்லும். தழைச்சத்துக் குறை என்று சொல்லி, கமக்காரரும் நம்பி யூரியா எறிந்தால் காரியம் கெட்டது. தழைச்சத்து மிகுந்த பயிரில்தான் தத்தி கொழுத்துப் பெருகும்.

தத்தி இருப்பது இலையில் அல்ல. தூரடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே. போதனாசிரியர் வந்தால் என்ன செய்வார்? வயலுக்குள் இறங்கி, திட்டின் விளிம்பில் இன்னும் பச்சையாக நிற்கும் இடத்துக்குப் போய், தூரைக் கையால் விலக்கி, குனிந்து பார்த்து, தண்டைத் தட்டுவார். தத்தி இருந்தால் தண்ணீரில் பொலபொலவென்று விழும். கூடவே சிலந்திகள் எத்தனை என்றும் பார்ப்பார். அவை தத்தியைத் தின்பவை. பிறகு கேள்விகள்: விதை எவ்வளவு எறிந்தீர்கள், யூரியா எத்தனை தரம், முன்னமே ஏதாவது அடித்தீர்களா? ஏனென்றால் நெருக்கமாக விதைத்த வயலும், தொடக்கத்திலேயே எல்லாப் பூச்சியையும் கொல்லும் மருந்து அடித்துச் சிலந்திகளை ஒழித்த வயலும்தான் தத்திக்கு வசதி. விடையும் அதற்கேற்ப வரும்: முதலில் தண்ணீரை வடித்துச் சில நாள் காயவிடுங்கள், யூரியாவை நிறுத்துங்கள், மருந்து தேவைப்பட்டால் தூரடியில் படும்படி அடியுங்கள்.

இதில் கைபேசிக்கு வேலை இல்லை என்று சொல்லவில்லை. எங்கே நின்று எதைப் படம் எடுக்க வேண்டும் என்று கமக்காரருக்கு ஒரு நிமிடக் காணொளியில் காட்டினால் நிலைமையே மாறும். திட்டின் விளிம்பில் தூரடிப் படம் ஒன்று, முழு வயலின் படம் ஒன்று, எத்தனை நாள் பயிர், கடைசியாக என்ன போட்டது என்ற குரல் பதிவு ஒன்று. இது போதனாசிரியருக்குப் போனால், வராமலே பாதி வேலை முடியும். அவருக்குச் சந்தேகம் என்றால் பரந்தனில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அப்படியே அனுப்பலாம். செயலி சொல்லும் ஊகத்தையும் இதற்குள் ஒரு துணையாக வைத்துக்கொள்ளலாம். எரிபந்தம் போன்று இலையிலேயே தெளிவான புள்ளி விழும் நோய்களில் அந்த ஊகம் பெரும்பாலும் பயன்படும்.

வன்னியின் நாட்காட்டி வேறு

குரல் செய்திச் சேவைகள் விதைத்த நாளிலிருந்து எண்ணித் தொடங்குகின்றன. நீர்ப்பாசன வயலில் சேற்று விதைப்புக்கு அது சரி. மானாவாரிக் காலபோகத்தில் வன்னியில் பலர் செய்வது புழுதி விதைப்பு: செப்டெம்பர், ஒக்டோபரில் காய்ந்த மண்ணில் விதையை எறிந்து மூடிவிட்டு மழைக்குக் காத்திருப்பது. விதைத்த நாள் ஒன்று, முளைத்த நாள் வேறு. மழை பத்து நாள் பிந்தினால் பயிரின் வயதும் பத்து நாள் பிந்தும். செயலி 'இன்று மேற்கட்டுப் பசளை' என்று சொல்லும்போது பயிர் அந்தப் பருவத்துக்கு வந்திருக்காது. விதைத்த நாளைக் கேட்காமல் முளைத்த நாளைக் கேட்டால் தீர்ந்தது. சின்ன மாற்றம், ஆனால் இந்த மண்ணைத் தெரிந்தவர் ஒருவர் அந்த மேசையில் இருந்தால்தான் வரும்.

சிறுபோகத்தில் கதை இன்னும் உள்ளூர்மயம். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரைக்குளம் எதுவானாலும், எத்தனை ஏக்கர் செய்யலாம், எந்த நாளில் தண்ணீர் திறப்பது, எந்த நாளுக்குள் விதைப்பை முடிப்பது என்று தீர்மானிப்பது பயிர்ச்செய்கைக் கூட்டம். குளத்தில் நிற்கும் நீரின் அளவை வைத்துத்தான் பேச்சு. அந்தத் தீர்மானம்தான் ஒரு கமக்காரருக்கு அந்தப் போகத்தில் கிடைக்கும் மிக முக்கியமான விவசாயத் தகவல். பெரும்பாலான செயலிகளில் அதற்கு இடமே இல்லை. கூட்டத் தீர்மானம் வட்ஸ்அப்பில் ஒரு கடிதப் படமாக வருகிறது. ரக ஆலோசனை வேறெங்கோ கிடக்கிறது. தண்ணீர் நிறுத்தும் நாள் தெரிந்தால், மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா என்பது தானாகவே முடிவாகும். இரண்டையும் ஒரே திரையில் சேர்க்கப் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் வேண்டாம்.

வானிலையும் இப்படித்தான். 2018 டிசெம்பர் 21, 22இல் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூழ்கடித்த வெள்ளத்தின்போதும், 2020 டிசெம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தபோதும் ஆட்கள் பார்த்தது விவசாயச் செயலிகளை அல்ல, முகநூலில் தமிழில் வந்த வானிலைப் பதிவுகளை. யார், எங்கள் குளத்தின் பெயரைச் சொல்லி, எங்கள் மொழியில், நேரத்துக்குப் பேசுகிறாரோ அவரைத்தான் கேட்பார்கள்.

பாக்குநீரிணைக்கு அப்பாலிருந்து வரும் ஆலோசனை

யூடியூபில் தமிழில் விவசாயம் என்று தேடினால் வருவதில் மிகப் பெரும்பகுதி தமிழ்நாட்டில் எடுத்தவை. தென்னையும் மிளகாயும் பப்பாசியும் பற்றி அவற்றில் கற்க நிறைய உண்டு. சொற்கள் கொஞ்சம் வேறுபட்டாலும் நம் ஆட்களுக்கு விளங்கிவிடும். அது பெரிய தடையல்ல. சிக்கல் வேறு இடங்களில் இருக்கிறது.

முதலாவது, சட்டம். களைநாசினி பரகுவாட் இலங்கையில் தடைசெய்யப்பட்டது. இந்தியாவில் அது இன்னும் விற்பனையில் உள்ளது. கிளைபோசேட்டை இலங்கை 2015இல் தடைசெய்து, 2022இல் தடையை நீக்கியது. ஒரு காணொளியில் சொல்லும் மருந்து இங்கே பதிவில் இருக்கிறதா என்று காணொளி சொல்லாது. தடைசெய்த மருந்துதான் வேண்டும் என்று ஒருவர் தேட ஆரம்பித்தால், அது கள்ளமாக வரும் போத்தலில்தான் முடியும்.

இரண்டாவது, இனம். அங்கே சொல்லும் நெல்லினங்கள் வேறு, இங்கே ஏ.டி. 362, பி.ஜி. 360 என்று போகிறது. வயது, தண்டின் உறுதி, எந்தப் பீடையைத் தாங்கும் என்பதெல்லாம் இனத்துக்கு இனம் மாறும். செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளிலும் இதே நோய் உண்டு. அவை படித்த தமிழ் விவசாய எழுத்தில் இலங்கைப் பங்கு மிகக் குறைவு. அதனால் மிகத் தெளிவான தமிழில், தடுமாறாமல், கோயம்புத்தூருக்குப் பொருந்தும் விடையை மாங்குளத்துக்குச் சொல்லும். எங்கிருந்து எடுத்தது என்று காட்டாத விடையை, மருந்து அளவு விஷயத்தில் நான் நம்பமாட்டேன், நீங்களும் நம்பாதீர்கள்.

விவசாயத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ்ப் பக்கங்கள் உண்டு, தமிழ்க் கையேடுகளும் உண்டு. ஆனால் சிங்களத்தில் உள்ள அளவும் புதுமையும் தமிழில் இல்லை என்பதை இரண்டையும் திறந்து பார்ப்பவர் ஒரு நிமிடத்தில் காண்பார். புதிய கருவி செய்யக் கிடைக்கும் காசில் ஒரு பங்கை, இருப்பதைத் தமிழில் கொண்டுவருவதற்கும் சரிபார்ப்பதற்கும் ஒதுக்கினால் பலன் அதிகம்.

ஆலோசனை ஒரே இரவில் பழசாகும்போது

இரண்டு அனுபவங்கள் இதற்குப் போதும்.

2018இல் சேனா படைப்புழு இலங்கைக்கு வந்தது. காலபோகச் சோளத்தை அள்ளிக்கொண்டு போன அந்தப் புழுவைப் பற்றி அதுவரை எந்தக் கமக்காரருக்கும், பெரும்பாலான உத்தியோகத்தர்களுக்கும் நேரடி அனுபவம் இல்லை. சின்னப் புழுவாக இருக்கும்போது பிடித்தால்தான் உண்டு; குருத்துக்குள் இறங்கிவிட்டால் அதன் எச்சமே மூடியாகி மருந்தை உள்ளே விடாது. அதாவது சில நாள் தாமதம் என்றால் முழுத் தோட்டமும் போய்விடும். இந்த மாதிரிச் சந்தர்ப்பத்தில் டிஜிட்டல் வழியை எதுவும் மிஞ்ச முடியாது. முட்டைக் குவியலின் படம், சின்னப் புழு இலையில் விடும் சுரண்டல் அடையாளத்தின் படம், இரண்டும் ஒரே நாளில் எல்லா ஊருக்கும் போய்ச் சேரலாம்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை தளர்ந்தபோது காலபோகம் பாதி வழியில் நின்றது. யூரியா அட்டவணையை மையமாக வைத்து எழுதிய கையேடு, குரல் செய்தி, செயலி எல்லாம் அந்தப் போகத்தில் வெறும் அலங்காரம். பசளை இல்லாதபோது என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை தேவைப்பட்டது. மேலிருந்து வந்த அறிவுறுத்தல்களோ கிழமைக்குக் கிழமை மாறின. அந்தப் போகத்தில் கமக்காரரின் கோபத்துக்கு முகம் கொடுத்தவர் வரம்பில் நின்ற போதனாசிரியர். ஆலோசனை பிழைத்தால் பொறுப்பு யாருக்கு என்ற கேள்வி அப்போது எழுந்தது. இன்றைய செயலிகளுக்கும் அது அப்படியே பொருந்தும். செயலியின் நிபந்தனைகளைக் கீழே வரை படித்தால், பொறுப்பு கமக்காரருக்கே என்று பெரும்பாலும் எழுதியிருக்கும்.

பயன் எவ்வளவு?

இதில் மிகைப்படுத்தலும் உண்டு, அலட்சியமும் உண்டு. 2019இல் சயன்ஸ் ஆய்விதழில் ஃபாப்ரெகாஸ், கிரேமர், ஷில்பாக் ஆகியோர் எழுதிய கட்டுரை, ஆபிரிக்காவிலும் இந்தியாவிலும் நடந்த கைபேசி ஆலோசனைச் சோதனைகளைத் தொகுத்தது. அதன்படி விளைச்சல் சராசரியாக 4 சதவீதம் கூடியது. பரிந்துரைத்த உள்ளீட்டைக் கமக்காரர் கைக்கொள்ளும் வாய்ப்பு 22 சதவீதம் கூடியது.

நாலு சதவீதம் என்றால் என்ன? ஏக்கருக்கு 75 புசல் எடுப்பவருக்கு 3 புசல், அதாவது ஏறக்குறைய 63 கிலோ நெல். ஒரு மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாழ்க்கையை மாற்றும் தொகை இல்லை. ஆனால் ஒரு குரல் செய்தி அனுப்ப ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இலாபம்தான்.

டிஜிட்டல் கிரீன் ஆரம்பத்தில் கர்நாடகத்தில் செய்த சோதனை இன்னொரு கணக்குத் தந்தது: செலவழித்த ஒவ்வொரு டொலருக்கும், வழக்கமான விரிவாக்க முறையைவிட அவர்களுடைய காணொளி முறை பத்து மடங்கு பயன் தந்தது. இந்தப் 'பத்து மடங்கு' எல்லா விளக்கப்படங்களிலும் வருகிறது. அந்த முறையில் காணொளியை நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்க ஊரிலேயே ஓர் ஆள் இருந்தார் என்பது மட்டும் விளக்கப்படத்தில் விடுபட்டுப்போகிறது. ஆளை எடுத்துவிட்டுக் காணொளியை மட்டும் இணையத்தில் போட்டுவிட்டுப் பத்து மடங்கை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கைபேசி யார் பையில்?

கருவி வந்து சேரும் கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வன்னியில் பெண்கள் தனியாகக் குடும்பத்தை நடத்தும் வீடுகள் கணிசம். வயலில், வீட்டுத் தோட்டத்தில், கச்சான் காணியில் முடிவெடுப்பவர் அந்தப் பெண்தான். ஆனால் கமக்கார அமைப்பின் பதிவில் பெயர் காணி அனுமதிப்பத்திரத்தில் உள்ளவருடையதாக இருக்கும். வட்ஸ்அப் உள்ள போன் மகனுடையதாக இருக்கும். மகன் ஆடைத் தொழிற்சாலையிலோ கொழும்பிலோ இருப்பார். செய்தி அவருக்குப் போகும், வயலுக்குப் போகாது. குழுவில் யார் யாருடைய இலக்கம் இருக்கிறது என்று போகத் தொடக்கத்தில் ஒருமுறை சரிபார்ப்பது செலவில்லாத வேலை. கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு வைத்தால் யார் வரமாட்டார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததே.

அலைவரிசை கிடைக்காத இடங்களுக்கு இறக்கி வைத்துப் பார்க்கும் காணொளியும் குரல் அழைப்பும்தான் சரி. நேரடி இணையம் வேண்டும் செயலிகளை ஒட்டுசுட்டானுக்கு அப்பால் காட்டுப்பக்கக் கிராமத்தில் காட்சிப்படுத்திப் பயனில்லை.

எங்கே தொடங்கலாம்?

போதனாசிரியரிடம். அவருக்கு நல்ல படம் எடுக்கும் கைபேசி, மாதாந்த டேட்டா, பிரிவுக்குள் ஓடிவர எரிபொருள். அதோடு, அவர் சொல்லும் விடைகளை வட்ஸ்அப்பிலிருந்து எடுத்து, பயிர், பருவம், ஊர் என்று பிரித்து அடுக்கிவைக்க மாவட்ட மட்டத்தில் ஒருவர். இரண்டு போகம் அப்படிச் சேர்ந்தால், வன்னிக்கென்றே தமிழில் ஒரு கேள்வி-விடைத் தொகுப்பு உருவாகிவிடும். செயற்கை நுண்ணறிவுக்குப் படிக்கக் கொடுக்க வேண்டியதும் அதைத்தான்.

அதுவரை, யாராவது கமக்கார அமைப்புக் கூட்டத்துக்கு ஒரு செயலியுடன் வந்தால் கேட்க வேண்டியவை:

1. இது பதிவுக்கா, ஆலோசனைக்கா? இரண்டுமென்றால், பதியாமல் ஆலோசனை மட்டும் பெறலாமா?

2. ஆலோசனையை எழுதியது யார்? விவசாயத் திணைக்களத்தின் இன்றைய பரிந்துரையோடு ஒத்துப் போகிறதா? கடைசியாகத் திருத்தியது எப்போது?

3. சொல்லும் மருந்து இலங்கையில் பதிவுசெய்யப்பட்டதா? மருந்து விற்கும் நிறுவனத்துக்கும் இந்தச் செயலிக்கும் காசுத் தொடர்பு உண்டா?

4. விடை பிழையாகத் தெரிந்தால் பேச ஓர் ஆள் இருக்கிறாரா? அவருடைய இலக்கம் என்ன, அவர் தமிழ் பேசுவாரா?

5. திட்டக் காசு முடிந்த பிறகு இதை யார் நடத்துவார்கள்? 2004 முதல் சில கமநல சேவை நிலையங்களுக்குக் கணினிகளும் பயிர் விளக்க இறுவட்டுகளும் கொடுக்கப்பட்டன. அந்த இறுவட்டுகளைப் போட்டுப் பார்க்க இன்று எந்த மடிக்கணினியில் இடம் இருக்கிறது?

6. என் பெயர், காணி அளவு, இலக்கம் எல்லாம் யாரிடம் போகிறது? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் உண்டு; அது முழுமையாக நடைமுறைக்கு வருவது தள்ளிப்போனாலும், கேட்கும் உரிமைக்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. எழுத்தில் கேளுங்கள், கூட்ட அறிக்கையில் பதியச் சொல்லுங்கள்.